மரக்கரண்டியா, அகப்பையா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மெல்போர்னின் ஃபிட்ஸ்ராய் கால்பந்துக் கழகத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் (நாம் அறிந்த கால்பந்து இல்லை, பந்தைக் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலிய வகை). பட்டியலில் கடைசியாக முடிக்கும் அணிக்கு ஆஸ்திரேலியர்கள் கேலியாகச் சூட்டும் 'வுடன் ஸ்பூன்' என்ற பட்டத்துக்கு உங்களிடம் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்தவை மூன்று: மரக்கரண்டி, கடையிடம், துடுப்பு. மூன்றிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்லி என் சொல்லையும் வைக்கிறேன், அடிக்க வசதியாக இருக்கும்.

> கடையிடம் என்றாலே போதுமே. யாரும் நிஜமாகக் கரண்டி கொடுப்பதில்லை.

கொடுப்பதில்லைதான். இந்தப் பட்டம் பிறந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில்தான் நிஜமாகக் கொடுத்தார்கள். கணிதத் தேர்வில் சிறப்புத் தகுதி பெற்றவர்களில் கடைசி ஆளுக்கு மாணவர்களே ஒரு பெரிய கரண்டியைத் தூக்கிக் கொடுப்பார்கள். 1909-ல் கொடுத்த கடைசிக் கரண்டி ஒரு மீட்டருக்கும் மேல் நீளம், காம்பு படகுத் துடுப்பு மாதிரி. அடுத்த ஆண்டு முதல் தேர்ச்சிப் பட்டியலை மதிப்பெண் வரிசையில் போடாமல் அகர வரிசையில் போட்டார்கள். கடைசி ஆள் யார் என்றே தெரியாமல் போய், வழக்கமும் நின்றது.

ஆனால் கடையிடம் வேறு, இது வேறு. ஜூன் மாதம் கடையிடத்தில் கிடக்கும் அணி ஆகஸ்டில் எழுந்துவிடலாம். ஸ்பூன் என்பது லீக் ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, கணக்கை மூடிய பிறகு வருவது. அதை 'வாங்குகிறார்கள்'. கடையிடத்தை யாரும் வாங்க முடியாது.

> துடுப்பு? களி கிண்டுவதும் துடுப்புதான், கேம்பிரிட்ஜ் கரண்டியும் துடுப்பு மாதிரிதான்.

அழகான பொருத்தம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈழத்தில் கிரிக்கெட்டே துடுப்பாட்டம். 'ஃபிட்ஸ்ராய் துடுப்பு வாங்கியது' என்றால் யாழ்ப்பாண வாசகர் மட்டை வாங்கப் போனார்கள் என்று நினைப்பார்.

மரக்கரண்டி தவறில்லை. ஆனால் கடையில் நான்-ஸ்டிக் சட்டிக்கு வாங்கும் சாமான் போல இருக்கிறது. கேலி இறங்கவில்லை.

என் சொல் அகப்பை. எங்கள் வீட்டில் இருந்தது தேங்காய்ச் சிரட்டையில் செய்தது. ஓரத்தில் எதிரெதிராக இரண்டு துளை, அதில் செருகிய மூங்கில் காம்பு. கூழ் ஊற்றி ஊற்றிக் காம்பு கறுத்துப்போயிருக்கும். 'சட்டியில் இருந்தால்தான் ஆப்பையில் வரும்' என்று பாட்டி சொல்லும்போது அதைத்தான் ஆட்டிக் காட்டுவார். கேலி அந்தச் சொல்லுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறது. 'இந்த ஆண்டு அகப்பை யாருக்கு?' என்று கேட்டால் விளக்கமே வேண்டாம்.

ஃபிட்ஸ்ராய்க்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 1916. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பல கழகங்கள் ஒதுங்கிக்கொள்ள, விக்டோரியன் ஃபுட்பால் லீக்கில் ஆடியவை நான்கே அணிகள்: கார்ல்டன், காலிங்வுட், ரிச்மண்ட், ஃபிட்ஸ்ராய். 12 ஆட்டங்களில் ஃபிட்ஸ்ராய் வென்றது 2, சமன் 1, தோற்றது 9. கடைசி இடம். ஆனால் இறுதிச் சுற்றுக்கு நான்கு அணிகள் போகலாம் என்பது விதி, இருந்ததே நான்கு அணிகள்தான்! அப்புறம் காலிங்வுட்டை வென்றார்கள், கார்ல்டனை வென்றார்கள். முதலிடத்தில் இருந்த அணிக்கு மறுவாய்ப்பு உண்டு என்பதால் கார்ல்டனை இன்னொரு முறையும் வெல்ல வேண்டியிருந்தது. வென்றார்கள், 85 புள்ளிக்கு 56. ஒரே ஆண்டில் கடைசியும் முதலும்.

அதனால் கட்டுரையில் 'கோப்பையும் அகப்பையும்' என்று துணைத்தலைப்புப் போட ஆசை. என்ன சொல்கிறீர்கள்?

---

ஐயா, வணக்கம்.

அகப்பைக்கு என் ஓட்டு உண்டு, ஆனால் மூன்று தடைகள்.

முதலாவது, அந்தப் பழமொழி 'சஷ்டியில் விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும்' என்பதன் மருவல் என்று வாட்ஸப்பில் வாரம் ஒருவர் அனுப்புகிறார். 'ஃபிட்ஸ்ராய்க்கு அகப்பை' என்று பார்த்தால், அகப்பையைக் கருப்பை என்று படிக்கும் அவர்கள் என்ன நினைப்பார்களோ.

இரண்டாவது, சட்டியில் இல்லாததால் கடைசி என்பது எப்போதும் சரியா? 1936-லும் ஃபிட்ஸ்ராய்தான் கடைசி. அதே ஆண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் ஃபிட்ஸ்ராயின் டின்னி ரயனுக்கு. முந்தைய ஆண்டுப் பதக்கம் அதே அணியின் ஹேடன் பண்டனுக்கு, அதுவும் மூன்றாவது முறையாக. சட்டி நிறைய இருந்திருக்கிறது, வெந்ததில்தான் கோளாறு.

மூன்றாவது, 1916-ல் கோப்பை ஏது? அந்த லீக்கில் வாகையருக்குக் கோப்பை கொடுக்கத் தொடங்கியதே 1959-ல். அதற்கு முன் கொடிதான். இன்றைக்கும் வென்ற அணியைக் 'கொடி வாங்கிவிட்டார்கள்' என்றுதான் அங்கே பேசுகிறார்கள்.

---

மூன்றாவது தடை வலிக்கிறது. ஓசை நயத்துக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டேன். கோப்பையை எடுத்துவிடுகிறேன்.

வாட்ஸப்காரர்களுக்குப் பயந்து ஒரு நல்ல சொல்லை விட முடியாது.

இரண்டாவதில் நீங்கள் சொல்வது சரி. 1963-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு அகப்பை வாங்கிய ஃபிட்ஸ்ராய் வென்றது ஒரே ஆட்டம், அதுவும் அந்த ஆண்டு கொடி வாங்கிய ஜீலாங்கை. ஆனால் பழமொழியை நான் சொல்லுக்குச் சாட்சியாகத்தான் அழைத்தேன். அது பொருளைத் தீர்மானிக்க வேண்டாம். ஏன் கடைசி என்று அகப்பை விளக்க வேண்டியதில்லை, கேலி செய்தால் போதும்.

கடைசிப் பகுதியில்தான் கை தயங்குகிறது. 1995, 1996 இரண்டிலும் அகப்பை. 1996-ல் கடன் முற்றி, பணம் கொடுத்த நவூரு நாட்டு நிறுவனம் நிர்வாகியை அமர்த்த, செப்டம்பர் 1 அன்று சுபியாகோவில் ஃப்ரீமாண்டிலிடம் 86 புள்ளி வித்தியாசத்தில் தோற்றதே பெரிய லீக்கில் கடைசி ஆட்டம். பிறகு பிரிஸ்பேனோடு இணைப்பு. அந்த இடத்தில் அகப்பை என்று எழுதினால் செத்த வீட்டில் சிரித்தது போலிருக்கிறது. அங்கே மட்டும் 'கடைசியாக முடித்தது' என்று போட்டிருக்கிறேன். 2009-ல் அமெச்சூர் போட்டிகளில் திரும்ப வந்து பழைய பிரன்ஸ்விக் தெரு மைதானத்திலேயே ஆடத் தொடங்கியதைச் சொல்லும்போது கேலிக்குத் திரும்பலாம்.

1916-க்கான வரி இப்போது இப்படி: 'அவ்வாண்டு ஃபிட்ஸ்ராய் அகப்பையையும் வாங்கியது, கொடியையும் வாங்கியது.'

அடுத்துத் தமிழ் தேட வேண்டிய சொல் 'பிஹைண்ட்'. நடுவில் உள்ள இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. அவற்றின் இருபுறமும் உள்ள குட்டைக் கம்பங்களுக்கும் அவற்றுக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. நான் 'ஓரம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்: '12 கோல், 13 ஓரம்'. 'பின்புறம்' என்று மட்டும் யாரும் அனுப்பிவிடாதீர்கள்.