ஏரியலாக வாசித்தபோது

நாங்கள் சிலர் சேர்ந்து பழைய நாடகங்களை ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டு வாசிப்போம். 1611-இல் லண்டன் அரண்மனையில் நடிக்கப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' எடுத்தபோது எனக்கு ஏரியல் வந்தது. நாட்டை இழந்து, மகள் மிராண்டாவோடு ஒரு தீவில் வாழும் மந்திரவாதி பிராஸ்பரோவின் ஏவலுக்குக் கட்டுப்பட்ட காற்று ஆவி. அடங்கிப்போவது எப்படி நடக்கிறது என்பதை அன்றைக்கு என் வாயிலேயே உணர்ந்தேன்.

முதல் அங்கம், இரண்டாம் காட்சி. பிராஸ்பரோவின் எதிரிகள் வந்த கப்பலில் தீப்பிழம்பாகப் பாய்ந்து எல்லோரையும் கதிகலங்க வைத்ததை ஏரியல் விவரிக்கும் இடத்தில் நீளமான, துள்ளும் வரிகள். வாசிக்கவே ஆனந்தமாக இருந்தது. இன்னும் வேலை இருக்கிறது என்கிறார் பிராஸ்பரோ. பொய் சொல்லாமல், முணுமுணுக்காமல் உழைத்தேனே, விடுதலைக்கு முன் உழைக்க வேண்டிய காலத்தில் ஒரு வருஷம் குறைப்பதாக வாக்குக் கொடுத்தீர்களே என்று ஏரியல் கேட்கிறது. அவ்வளவுதான், அவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. சிக்கோராக்ஸ் என்ற சூனியக்காரி உன்னைப் பைன் மரப் பிளவில் பன்னிரண்டு வருஷம் அடைத்து வைத்தாளே, மறந்துவிட்டாயா? அவள் எங்கே பிறந்தாள், சொல்! ஏரியலின் பதில்: "அல்ஜியர்ஸில், ஐயா." அப்புறம் "ஆமாம், ஐயா." அப்புறம் "நன்றி, எஜமானே." கடைசியில் "மன்னியுங்கள்." ஒரே காட்சிக்குள் என் வரிகள் தேய்ந்துகொண்டே போயின. எதிரே பிராஸ்பரோ வாசித்தவரின் குரல் ஏறிக்கொண்டே போனது.

இதை மாதத்துக்கு ஒரு முறை உனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது என்று பிராஸ்பரோவே சொல்கிறார். மந்திரக்கோல், புத்தகம் எல்லாம் இருந்தும், அவர் ஏரியலைப் பிடித்து வைத்திருப்பது செய்த உதவியைச் சொல்லிக்காட்டித்தான். நான் முதலில் வேலை பார்த்த இடத்தின் உரிமையாளரும், சம்பளத்தைப் பற்றி யார் வாயெடுத்தாலும், "நீ வந்தப்போ எப்படி இருந்தே?" என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பதிலே கிடையாது, ஏனென்றால் அந்த உதவி உண்மையாகவே செய்யப்பட்டது. ஏரியலின் நிலையும் அதுதான்: மரத்தைப் பிளந்து விடுவித்தவர் அவர். அடுத்த மூச்சிலேயே, இன்னும் முணுமுணுத்தால் ஓக் மரத்தைப் பிளந்து உள்ளே அடைப்பேன் என்பவரும் அவரே.

சிக்கோராக்ஸின் மகன், பிராஸ்பரோவின் அடிமை கலிபனுக்கு அந்த விடுதலை வாக்குறுதிகூட இல்லை. மேடைக்கு வருமுன்பே உள்ளேயிருந்து அவன் பேசும் முதல் வரி, விறகு போதுமான அளவு இருக்கிறது என்பது. அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறாள் மிராண்டா. அவன் இல்லாமல் நமக்கு ஆகாது, தீ மூட்டுகிறான், விறகு கொண்டுவருகிறான் என்கிறார் அப்பா. கலிபன் வாசித்த நண்பர், "இந்தத் தீவு என்னுடையது" என்ற பேச்சைத் தொண்டை அடைக்க வாசித்தார். வந்த புதிதில் தடவிக்கொடுத்தாய், பழங்கள் போட்ட நீர் தந்தாய், நானும் உன்னை நேசித்து ஊற்றுகளையெல்லாம் காட்டினேன் என்கிறான். மிராண்டா வாசித்தவர் அங்கேயே நிறுத்தினார். கலிபன் அவளைப் பலவந்தப்படுத்த முயன்றதும் இதே காட்சியில் வருகிறது, அவன் மறுக்கவும் இல்லை, அதைத் தாண்டிப் போகக் கூடாது என்றார். அவர் சொன்னது சரி. அந்தக் குற்றம் அந்த வீட்டுக்கு ஓர் ஆயுள்கால விறகுக்காரனையும் கொடுத்துவிட்டது என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

விறகைக் கவனியுங்கள். இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் கலிபன் விறகுச் சுமையோடு வருகிறான். அடுத்த காட்சியிலேயே இளவரசன் ஃபெர்டினாண்ட் மரக்கட்டை தூக்கி வருகிறான். அதே வேலைதான். இளவரசனுக்கு அது காதல் சோதனை, முடிந்தால் கல்யாணம். மிராண்டாவே வந்து, நான் தூக்குகிறேன், நீங்கள் உட்காருங்கள் என்கிறாள். கலிபனிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவனோ குடிகாரப் பரிசாரகன் ஸ்டெஃபானோவின் காலை முத்தமிட்டு, புது எஜமான் கிடைத்த சந்தோஷத்தில் 'விடுதலை, விடுதலை' என்று கூவுகிறான். நாடகத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான்.

கடைசி அங்கத்தில் பிராஸ்பரோவின் மனம் இளகுவதற்கு வழி செய்வதே ஏரியல்தான். சிறைப்பட்டிருக்கும் உங்கள் எதிரிகளை இப்போது பார்த்தால் உங்கள் மனம் கரையும், நான் மனிதனாக இருந்தால் என் மனமும் கரையும் என்கிறது. அதற்குப் பிறகும் கடலை அமைதியாக்க ஒரு வேலை கொடுத்துவிட்டுத்தான், சுதந்திரமாகப் போ என்கிறார். பதிலுக்கு ஏரியலுக்கு ஒரு வரிகூட எழுதப்படவில்லை. என் தாளில் அங்கே வெற்றிடம்தான். 1993-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்காக சாம் மெண்டஸ் இயக்கியபோது, ஏரியலாக நடித்த சைமன் ரஸ்ஸல் பீல் அந்த இடத்தில் எஜமானின் முகத்தில் துப்பினார். எங்கள் குழுவில் பாதிப் பேருக்கு அது பிடித்திருந்தது. எனக்கு ஒட்டவில்லை. நான்காம் அங்கத்தில், "என்மேல் அன்பு உண்டா, எஜமானே?" என்று கேட்ட ஏரியல் துப்பாது. நன்றியும் சொல்லாது. இதை மேடையில் பார்த்தவர்கள், உங்கள் ஏரியல் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.