ஒரே வருடத்தில் மூன்றாவது சிடி ஸ்கேன், எடுக்கலாமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு வயது 58, கிட்னியில் கல். பிப்ரவரியில் ஒரு சிடி, வலி திரும்ப வந்ததும் ஜூலையில் இன்னொன்று. இப்போது வேறு டாக்டரிடம் போனால், பழைய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்காமல் "புதுசா எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதிவிட்டார். ரேடியேஷன் உடம்பிலேயே தங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா வேறு சொல்லிவிட்டுப் போக, அம்மா வரவே மாட்டேன் என்கிறார்.

டார்க்ரூம் மணி:
சிடி ரூமில் 14 வருடமாக இருக்கிறேன். எதுவும் தங்காது, லைட்டை அணைத்தால் வெளிச்சம் போகிற மாதிரிதான் (ரேடியேஷன் உள்ள மருந்தையே ஏற்றி எடுக்கும் பெட் ஸ்கேன் வேறு கதை). கவனிக்க வேண்டியது அளவு. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று 0.1 மில்லிசீவர்ட்டை (உடம்பு வாங்கும் ரேடியேஷனை அளக்கும் அலகு) தாண்டாது, வயிற்று சிடி சாதாரணமாக 8, 10 என்று போகும். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் சும்மா இருந்தாலே நமக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 வருகிறது. 58 வயதில் ஒரு ஸ்கேனால் கூடும் ஆபத்து சின்னதுதான், ஆனால் தேவையே இல்லாத ஸ்கேனுக்கு அந்தச் சின்னது எதற்கு? கல்லுக்கு மட்டும் என்றால் மருந்து ஏற்றாத, டோஸ் குறைத்த பிளெயின் சிடி போதும், 3-க்குள் முடித்துவிடலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

சோடாபுட்டி:
ஃபிலிமை விடுங்கள், சிடியைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் இல்லை, தட்டு! அப்பாவுக்கும் இதே கதைதான். தட்டைக் கொடுத்ததும் டாக்டர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, அல்ட்ராசவுண்ட் போதும் என்றார். அதில் ரேடியேஷனே கிடையாது.

வைகைக்கரை:
சிடிக்கே போக வேண்டி வந்தால் ஈய ஏப்ரன் போடச் சொல்லவா?

டார்க்ரூம் மணி:
அம்மாவுக்கு வேண்டாம். எடுக்கிற இடத்திலேயே ஈயம் கிடந்தால் படம் கெடும், மெஷின் தானாக டோஸை ஏற்றவும் செய்யும். துணைக்கு யாராவது உள்ளே நின்றே ஆக வேண்டும் என்றால் அவருக்குப் போடுங்கள். அப்புறம், அந்தத் தட்டில் கடைசியில் ஒரு டோஸ் பக்கம் இருக்கும், டிஎல்பி (அந்த ஸ்கேன் முழுக்க மெஷின் கொடுத்த டோஸ் கணக்கு) என்று போட்டிருக்கும், எவ்வளவு என்று பாருங்கள்.

வைகைக்கரை:
ஜூலைத் தட்டு கிடைத்துவிட்டது. 640.

டார்க்ரூம் மணி:
வயிற்றுக்கு 0.015-ஆல் பெருக்கினால் 9.6 மில்லிசீவர்ட். டோஸ் குறைக்காமலேதான் எடுத்திருக்கிறார்கள். படம் தெளிவாகத்தான் இருக்கும், முதலில் அதைக் காட்டுங்கள்.