1500 மீட்டர் ஓட்டத்துக்கு முன் கடுங்காப்பி குடிக்கலாமா?

பெரியகுளம் பையன்:
இரண்டாம் நிலைக் காவலர் உடற்தகுதித் தேர்வுக்குப் பயிற்சி எடுக்கிறேன். எடை 62 கிலோ. 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், எனக்கு 7:10 ஆகிறது. கூட ஓடும் பசங்க, ஓடுவதற்கு முன் கடுங்காப்பி குடி என்கிறார்கள். பலன் உண்டா? ஊக்கமருந்துக் கணக்கில் வந்துவிடாதே? குரூப் 4-க்கும் படிப்பதால் ராத்திரி 9 மணிக்கு ஒரு காபி வேறு குடிக்கிறேன்.

டீக்கடை பெஞ்ச்:
எல்லாம் மனப்பிரமை நண்பா. எங்க மாமா நீராகாரம் குடிச்சிட்டு ஓடியே வேலைக்குப் போனார்.

மைதானத்து வாத்தியார்:
மனப்பிரமை இல்லை தம்பி. ஆனால் நீ நினைக்கிற அளவும் இல்லை. 1992-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் இதே 1500 மீட்டரை டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். 3 கிராம் காபித்தூள் கலந்து குடித்தவர்கள் சராசரியாக 4.2 நொடி முன்னதாக முடித்தார்கள். உனக்குக் குறைய வேண்டியது 10 நொடி. மீதியை யார் தருவார்? 400 மீட்டரை 1:50-இல் ஓடு, 2 நிமிடம் நட, மறுபடி ஓடு. வாரம் இரண்டு நாள் இப்படிச் செய்தால் போதும். காபிக்குச் செலவிடும் யோசனையை இதில் செலவிடு.

அளவு என்று கேட்டால், உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் காஃபின் (காபியில் உள்ள ஊக்கப்பொருள்), உனக்கு 185 மில்லிகிராம் வாக்கில். இன்ஸ்டன்ட் தூள் 2 கிராமில் சுமார் 60 இருக்கும். பாதி அளவில் தொடங்கு. கிலோவுக்கு 9 வரை ஏற்றினாலும் வேகம் கூடாது, கைநடுக்கம்தான் கூடும். ஃபில்டர் காபியை நம்பிக் கணக்குப் போடாதே, சிக்கரியில் காஃபினே கிடையாது.

ஊக்கமருந்து பயம் வேண்டாம். விளையாட்டு வீரர்களுக்கான தடைப்பட்டியலிலிருந்து காஃபினை 2004-லேயே எடுத்துவிட்டார்கள்.

எனக்குக் கவலை வேறு. குடித்து முக்கால் மணி நேரத்தில்தான் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். தேர்வன்று விடிகாலையிலேயே உட்காரவைத்து உயரம், மார்பளவு எல்லாம் எடுத்துவிட்டு உன் முறை எப்போது வருமோ! வெறும் வயிற்றில் காபியைக் குடித்துவிட்டுக் கழிப்பறை தேடிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். பயிற்சியில் பழகாததைத் தேர்வு நாளில் தொடாதே.

9 மணிக் காபியை முதலில் நிறுத்து. களைப்பைச் சொல்கிற அடினோசின் மூளையில் போய் உட்காரும் இடத்தைக் காஃபின் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். களைப்பு எங்கேயும் போகவில்லை. 5 மணி நேரம் கழித்தும் பாதி உடம்பிலேயே இருக்கும். அதாவது நடுராத்திரி 2 மணிக்கும். தூக்கம் கெட்டால் படித்ததும் நிற்காது, காலும் எழாது. மதியம் 2 மணிக்கு மேல் தொடாதே.

வார்டு அக்கா:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். படபடப்போ ரத்த அழுத்தமோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இதெல்லாம் வேண்டாம். காபிக்கு மேல் எனர்ஜி டிரிங்க் குடிக்கவே கூடாது, இரண்டும் ஒரே காஃபின்தான்.

பெரியகுளம் பையன்:
நன்றி சார், நன்றி அக்கா. இந்த ஞாயிறு பயிற்சியில் பாதி அளவு போட்டுப் பார்க்கிறேன். சர்க்கரை போடலாமா?

மைதானத்து வாத்தியார்:
தாராளமாகப் போடு. பால் மட்டும் வேண்டாம், ஓடும்போது எதுக்களிக்கும்.