ஸ்டீரிங்கில் பிளே, முன்பக்கம் கடகட சத்தம்: அவசர உதவி

மலைக்காற்று:
வணக்கம். ஸ்டீரிங்கில் பிளே, அதாவது லூசாக இருக்கிறது. கொஞ்சம் திருப்பிய பிறகுதான் சக்கரம் திரும்புகிறது. பள்ளத்தில் இறங்கினால் முன்னாடி கடகட சத்தம். மெக்கானிக் முழு ரேக்கையும் (ஸ்டீரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் பல் தண்டு) மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா? வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானல் போக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

கிரீஸ்கை:
என்ன வண்டி, எந்த வருஷம்? பவர் ஸ்டீரிங்கா? சத்தம் எந்தப் பக்கம்?

வைகைக்கரை:
வீல் பேலன்சிங் பாருங்கள் சார். என் வண்டியும் 70-இல் போனால் ஸ்டீரிங் நடுங்கும். பேலன்சிங் செய்ததும் சரியாகிவிட்டது.

பழையபோல்ட்:
வண்டிப் பெயரே போடாமல் கேட்டால் யார் என்ன சொல்ல முடியும்? எத்தனை தடவை எழுதியாயிற்று. வைகைக்கரைக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பேலன்சிங் போனால் நடுக்கம் வரும், பிளே வராது. அடிப்படை தெரிந்துகொண்டு பதில் எழுதுங்கள்.

மலைக்காற்று:
மாருதி 800, 2003 மாடல். சத்தம் இடது பக்கம்.

கிரீஸ்கை:
800 என்றால் பவர் ஸ்டீரிங் கிடையாது, அதனால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ரேக் மாற்றும் பேச்சு அப்புறம்.

வண்டி தரையிலேயே நிற்கட்டும். சாவியை ஆன் செய்து ஸ்டீரிங் லாக்கை எடுத்துவிடுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம். ஒருவர் ஸ்டீரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்டட்டும். நீங்கள் டை ராட் எண்டை (ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை மூட்டு) உள்ளங்கையால் பொத்திப் பிடியுங்கள். தேய்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘டக்’ என்று கையில் தட்டும். மூட்டை மூடிய ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் வெளியே வந்திருந்தால் உள்ளே மண் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்து, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முன்பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால், ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட் (சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு).

இன்னொன்று. நம் ஊர் வண்டியில் பினியன் (ஸ்டீரிங் திரும்பும்போது ரேக்கைத் தள்ளும் பல்சக்கரம்) வலது பக்கம். ரேக்கின் இடது முனையைத் தாங்குவது ஒரு புஷ் (வளைய உறை) மட்டும்தான். இடது டை ராடை ரேக் பக்கத்தில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ரேக்கும் சேர்ந்து எழுந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. புஷ்ஷை மட்டும் மாற்றலாம்.

ஜாயின்ட் எதிலாவது ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறாதீர்கள்.

தேனிப்பாலம்:
இவ்வளவு எதற்கு? ரேக்கில் ஒரு அட்ஜஸ்ட் ஸ்குரூ இருக்கும். அதைக் கொஞ்சம் டைட் வைத்தால் பிளே போய்விடும். எங்கள் பட்டறையில் அப்படித்தான் செய்வார்கள்.

பழையபோல்ட்:
தவறான யோசனை. ரேக் தேய்வது நடுவில். நடுவில் பிளே போகும்வரை திருகினால், முழுவதும் ஒடிக்கும்போது தேயாத பற்களில் இறுகும். திருப்பத்தில் ஸ்டீரிங் தானாக நேருக்கு வராது. கொண்டை ஊசி வளைவில் இதை யோசித்துப் பாருங்கள்.

தேனிப்பாலம்:
எத்தனையோ வண்டிக்குச் செய்து ஓடுகிறதே சார்.

பழையபோல்ட்:
ஓடுவது வேறு, சரியாக இருப்பது வேறு.

கிரீஸ்கை:
ரெண்டு பேரும் தனி இழையில் பேசுங்கள். டை ராட் எண்டு தேய்ந்திருந்தால் அந்த ஸ்குரூவால் ஒன்றும் ஆகாது.

மலைக்காற்று, எண்டு மாற்றுவதாக இருந்தால்: செக் நட் (எண்டை டை ராடில் இறுக்கும் நட்) நிற்கும் இடத்தில் பெயின்ட் அடையாளம் போடுங்கள். எண்டின் அடுத்த நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னை எடுத்து, அந்த நட்டை முழுக்கக் கழற்றாமல் சில மரை விட்டு, ஸ்டட் (எண்டின் மரைத் தண்டு) உட்காரும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டினால் விட்டுக்கொடுக்கும். ஸ்டட் தலையில் அடித்தால் மரை நசுங்கும். பூட்டும்போது பின் ஓட்டை நேர்படாவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குங்கள், தளர்த்த வேண்டாம். பின் புதிதாக இருக்கட்டும். முடித்ததும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம், இல்லையென்றால் டயர் ஓரம் தின்றுவிடும்.

மலைக்காற்று:
நன்றி அண்ணே. இடது எண்டு பூட் கிழிந்து, கையில் நன்றாகத் தட்டியது. ரேக் எழவில்லை. எண்டு மாற்றி அலைன்மென்ட் செய்தாயிற்று. பிளே இல்லை, சத்தமும் போய்விட்டது. ரேக்கை மாற்றவில்லை.

கிரீஸ்கை:
நல்லது. வலது எண்டு பார்த்தீர்களா? அதற்கும் அதே வயசுதான்.

வைகைக்கரை:
அலைன்மென்ட்டோடு பேலன்சிங்கும் செய்தீர்களா சார்?