டேபிள் டென்னிஸில் டைம் அவுட் எப்போது எடுப்பது?

வணக்கம், தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். மகள் டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள். கோச் வராத நாளில் ஆலோசகர் நாற்காலியில் நான்தான். மேட்சுக்கு ஒரே டைம் அவுட், அதுவும் அதிகபட்சம் 1 நிமிடம். முதல் கேமில் 2-6 என்று பின்தங்கும்போதே எடுத்துவிடலாமா, இல்லை ஐந்தாவது கேமுக்கு வைத்திருக்க வேண்டுமா? 10-8 என்று முன்னால் இருக்கும்போது எடுப்பவர்களும் உண்டு; எதிராளிக்கு நாமே யோசிக்க நேரம் கொடுப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. எதிராளியின் சர்வீஸ் பிடிபடாமல் வரிசையாகப் புள்ளி போனால் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அப்புறம், தனிநபர் போட்டியில் நான் கேட்டாலும் அவள் வேண்டாம் என்றால் அவள் முடிவுதான் இறுதி (பிடிவாதக்காரி வேறு). ராயபுரம், பெரம்பூர் பக்கம் ஆடும் அண்ணன்மார், அக்காமார், நீங்கள் எப்போது எடுப்பீர்கள்? அந்த ஒரு நிமிடத்தில் என்னதான் பேசுவது?