இன்ஃபோகாம் தொகுப்பில் உள்ள ஸோர்க் ஓடவில்லை, உதவி தேவை

கதிர்82:
வணக்கம் நண்பர்களே. இன்ஃபோகாம் நிறுவனத்தின் பழைய ஆட்டங்களைச் சேர்த்து ஆக்டிவிஷன் 1991இல் வெளியிட்ட தொகுப்பு, மாமாவின் பெட்டியில் சிடியாகக் கிடைத்தது. அதில் உள்ள ஸோர்க் என்ற, எழுத்திலேயே ஆடும் சாகச ஆட்டத்தை லேப்டாப்பில் இயக்கினால் ‘இந்தக் கணினியில் ஓடாது’ என்று வந்து நின்றுவிடுகிறது. காம்பேட்டிபிலிட்டி மோடும் போட்டுப் பார்த்தேன், பலன் இல்லை. சிடி கெட்டுவிட்டதா? இன்ஃபோகாம் இன்னும் இருக்கிறதா, யாரிடமாவது கேட்க முடியுமா?

பழையவட்டு:
சிடி நன்றாகத்தான் இருக்கும். அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான 16 பிட் நிரல், 64 பிட் விண்டோஸில் ஓடாது. நிரலை விட்டுவிடுங்கள். ஸோர்க்1.டேட் என்று ஒரு கோப்பு இருக்கும், 128 கேபிக்குள் அடங்கும். அதை மட்டும் நகலெடுத்து, கடைசி எழுத்துகளை இசட்3 என்று மாற்றி, விண்டோஸ் ஃப்ராட்ஸ் என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். இலவசம்தான்.

கதிர்82:
அண்ணா, ஓடுகிறது! வெள்ளை வீடு, வாசலில் தபால் பெட்டி. ஆனால் புரியவில்லையே, நிரல் இல்லாமல் வெறும் டேட் கோப்பு எப்படி ஓடுகிறது?

பழையவட்டு:
அவர்கள் ஆட்டத்தை எந்த நிஜக் கணினிக்கும் எழுதவில்லை, அதுதான் காரணம். ஸோர்க் 1977இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிடிபி-10 என்ற பெரிய கணினியில் பிறந்தது. அங்கிருந்தவர்கள் சேர்ந்து 1979இல் இன்ஃபோகாமைத் தொடங்கினார்கள். அன்றைய வீட்டுக் கணினிகளுக்குள் அவ்வளவு பெரிய ஆட்டம் கொள்ளாது, கணினிக்குக் கணினி அமைப்பும் வேறு. ஜோயல் பெரஸும் மார்க் பிளாங்க்கும் கற்பனையாக ஒரு கணினியையே வடிவமைத்தார்கள். அதன் பெயர் இசட்-மெஷின். ஆட்டங்கள் எல்லாம் அதற்கு எழுதப்பட்டவை. ஆப்பிள் 2, டிஆர்எஸ்-80 என்று ஒவ்வொன்றுக்கும் அதை நடிக்கும் சிறு நிரல் ஒன்று போதும். ஃப்ராட்ஸ் இன்று செய்வதும் அதே வேலைதான். எனக்கு இதை நினைத்தாலே மனம் நெகிழும். நிறுவனம் போய்விட்டது, கோப்பு அப்படியே ஓடுகிறது.

நிறுவனத்தைச் சாய்த்தது 1985இல் வந்த கார்னர்ஸ்டோன் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். விலை 495 டாலர். அதையும் கற்பனைக் கணினி முறையிலேயே எழுதினார்கள். அதற்குள் அலுவலகங்களில் ஐபிஎம் பிசியே நிறைந்துவிட்டதால், எல்லாக் கணினியிலும் ஓடும் என்ற பெருமைக்கு மதிப்பில்லை, வேகக் குறைவுதான் மிஞ்சியது. ஆட்டங்கள் ஈட்டிய பணத்தை அது விழுங்கியது. 1986இல் இன்ஃபோகாமை ஆக்டிவிஷன் வாங்கியது, 1989இல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த அதன் அலுவலகத்தை மூடியது.

கதிர்82:
நன்றி அண்ணா. அப்புறம் இன்னொரு சிக்கல். அதே தொகுப்பில் உள்ள ஸ்டார்கிராஸ் என்ற ஆட்டத்தில் விண்கப்பலின் கணினி ஒரு தூரமும் இரண்டு கோணங்களும் கேட்கிறது. என்ன கொடுத்தாலும் ஏற்கவில்லை.

மீனா_டெக்ஸ்ட்:
அது பிழை இல்லை தம்பி. பெட்டிக்குள் வந்த விண்வெளி வரைபடத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். 1982இல் வந்த டெட்லைன் என்ற துப்பறியும் ஆட்டத்தில் தொடங்கி, இப்படித் தொட்டுப் பார்க்கும் பொருள்களைப் பெட்டியில் வைப்பது அவர்கள் வழக்கம், ‘ஃபீலீஸ்’ என்பார்கள். டெட்லைன் பெட்டியில் போலீஸ் வழக்குக் காகிதங்கள் இருந்தன. நகல் எடுப்பவர்களைத் தடுக்கவும் இது உதவியது. உங்கள் தொகுப்போடு வந்த புத்தகத்தில் அந்த வரைபடம் இருக்க வேண்டும், பெட்டியில் தேடுங்கள். திரையில் வரும் பொருளின் எண்ணை அதில் கண்டுபிடித்து, அந்த அளவுகளைத் தட்டுங்கள்.

கதிர்82:
புத்தகம் சிடிக்கு அடியிலேயே இருந்தது அக்கா. கப்பல் கிளம்பிவிட்டது.