வெள்ளையாக ஒழுகியது எது?

வலையிறவுக்காரன்

கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்தில் பறக்கப் பழகியவர்களுக்கு மட்டக்களப்புப் பயணத்தைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. மலைநாட்டை வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு, மாதுறு ஓயாவைத் தாண்டி, உன்னிச்சைக் குளம் தெரிந்ததும் இறங்கத் தொடங்கி, வாவியோரத்து ஓடுபாதையில் சக்கரம் பதிக்கும்வரை என் வாய் ஓயாது. அன்று ஆடி மாதம். கச்சான் காற்று சுழற்றிச் சுழற்றி வீசிக்கொண்டிருந்தது. நான்கு இருக்கைச் செஸ்னா 172 ஒன்றில் நாங்கள் மூவர் வந்திருந்தோம்.

திரும்பும்போது எருமைத் தயிர் கொண்டுவருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எட்டுச் சட்டிகளைப் பின்னிருக்கைக்குப் பின்னால் இரண்டு அடுக்காக வைத்து, நடுவில் கடதாசி அட்டை கொடுத்து, மேலே வலையும் போட்டுக் கட்டினோம். காற்று விமானத்தின் வாற்பக்கம் அடித்துக்கொண்டிருந்ததால், அதைக் காற்றுக்கு முகம் கொடுக்கும்படி கையாலேயே திருப்பி நிறுத்த வேண்டியிருந்தது. பக்கத்தில் தன் சிறு விமானத்துடன் நின்ற மூத்த விமானி ஒருவர் நாங்கள் கேட்காமலே வந்து கைகொடுத்தார். பிறகு நாங்கள் நிழலுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தோம்.

புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்த என் நண்பன் வயிற்றுப்பக்கம் குனிந்தவன் நிமிரவில்லை. பின்சக்கரங்களுக்கும் அப்பால், நீர் வடிவதற்கென்று தகட்டில் விட்டிருக்கும் துளையிலிருந்து வெள்ளையாக ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. தாரில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குப் பரவி, வெயிலில் ஓரம் காய்ந்து, வட்டமாகப் படிந்திருந்தது. பெற்றோல் என்றால் நீலம், பிரேக் எண்ணெய் என்றால் சிவப்பு, எஞ்சின் எண்ணெய் என்றால் பழுப்பு என்று பயிற்றுநர் எங்களுக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார். வெள்ளைக்கு எந்தப் பாடத்திலும் பெயர் இருக்கவில்லை. நண்பன் விரலால் தொட்டு, முகர்ந்து, எனக்கும் நீட்டினான். தயிர்ச் சட்டிகள் எங்கள் மூவரில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை என்பதை இப்போது சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த மூத்தவரை அழைத்தோம். அவர் முழங்காலில் நின்று நெடுநேரம் பார்த்தார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, மரண வீட்டில் பேசும் குரலில், "தம்பி, உங்கட பிளேன் கன்று போட்டிருக்கு" என்றார்.

அவர் சிரிக்கவே இல்லை. நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் பின்னிருக்கையைக் கழற்றத் தொடங்கிவிட்டார். வாலுக்குப் போகும் கம்பி வடங்கள் அந்தத் தரைத்தகட்டுக்குக் கீழேதான் ஓடுகின்றன, புளித்த நீரை அலுமினியத்தில் விட்டுவைக்கக் கூடாது என்று சொல்லி, வாளியும் துணியுமாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எங்களுடன் கழுவினார். அதற்குள் மலைப்பக்கம் முகில் அடைத்துவிட்டது. மதியத்துக்கு முன் புறப்படவிருந்த அவர் அன்றிரவு மட்டக்களப்பிலேயே தங்க நேர்ந்தது. வெயிலில் இரண்டு சட்டிகள் வெடித்திருக்க வேண்டும் என்றே அன்று முடிவு செய்தோம். நான் அவருக்கு நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவருடைய பகிடிகளுக்குச் சிரித்ததுதான் நினைவிருக்கிறது. அதுதான் உறுத்துகிறது.

பாண்டிருப்புப் பிள்ளை

அண்ணா, உங்கள் கன்றுக் கதையை வாசித்தபோது எனக்குக் கூறைச்சேலை நினைவுக்கு வந்தது. கடற்கரையோரமாகக் கல்முனை வரை வந்து திரும்பும் பயணம் என்று தெரிந்ததும் அம்மாவிடம் நேரத்தைச் சொல்லியிருந்தேன். எங்கள் வீடு எனக்கு மேலிருந்து அடையாளம் தெரிய வேண்டும் என்று அவர் தன் சிவப்புக் கூறைச்சேலையை மொட்டைமாடியில் விரித்து, நான்கு மூலையிலும் செங்கல் வைத்துவிட்டுக் காத்திருந்தாராம்.

அந்தக் கரையில் வீடுகள் எப்படி நெருங்கியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நெருக்கமான குடியிருப்புக்கு மேலே ஆயிரம் அடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதால் நான் அதற்கும் மேலேதான் நின்றேன். அந்த உயரத்திலிருந்து கோயில் கோபுரமும் பள்ளிவாசலும் தெரிந்தன, மேற்கே சம்மாந்துறைப் பக்கத்து வயல்கள் தெரிந்தன, சிவப்பாக மூன்று மாடிகளும் தெரிந்தன. ஒன்றில் மிளகாய் காயப்போட்டிருந்திருக்கலாம். வலது இருக்கையில் இருந்த தோழி, "மூன்றில் எதடி உன் அம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. "அப்படியென்றால் மூன்றுக்கும் ஆட்டு, எந்த அம்மாவும் குறை சொல்லமாட்டார்" என்றாள். மூன்று முறை இறக்கையை இடமும் வலமுமாகச் சாய்த்து வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அம்மா என்னைக் காணவே இல்லை. விமானம் இரண்டு தெரு தள்ளிப் போனதாக இன்றும் குற்றம் சாட்டுகிறார். ஆனால், சந்தையில் முன்பின் தெரியாத ஒரு மாமி, தன் வீட்டுக்கு மேலே ஒரு பிளேன் தலையாட்டிவிட்டுப் போனதாக அம்மாவிடமே பெருமையாகச் சொன்னாராம். அம்மா அதற்குப் பதில் பேசாமல் வந்துவிட்டார் என்பதுதான் என்னால் மறக்க முடியாதது.

இடது இருக்கை

எங்களுடையது வாய் செய்த வேலை. ரேடியோவில் பேசுவதற்காகப் பிடியில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் பேச்சு வெளியே போகும், விட்டால் மற்றவர் பேசுவது கேட்கும். அன்று எனக்கு அது அமுங்கியது, மீளவில்லை. நான் கவனிக்கவுமில்லை.

கல்லடிக்கு மேலே வந்துகொண்டிருந்தோம். கீழே இரண்டு பாலங்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம் எது, 2013இல் திறந்த புதியது எது என்று கூட வந்த மச்சானுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் கொழும்பில் வளர்ந்தவன். பாடும் மீன் உண்மையா என்று கேட்டான். உண்மைதான், பௌர்ணமி இரவில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்றேன். "இந்த இரைச்சலில் எப்படிக் கேட்பது? எஞ்சினை நிறுத்திப் பார்ப்போமா?" என்றான். "நிறுத்தலாம், பிறகு நாமும் மீனோடு சேர்ந்து பாட வேண்டியதுதான்" என்றேன்.

இதெல்லாம் அந்த அலைவரிசையில் இருந்த எல்லோருக்கும் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பேசிய நேரம் முழுவதும் வேறு எவரும் பேச முடியவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. ஏன் இவ்வளவு அமைதி என்று ஐயப்பட்டுப் பார்த்தபோதுதான் ரேடியோவின் முகப்பில் ஒலிபரப்பைக் காட்டும் எழுத்து அணையாமல் நின்றது தெரிந்தது. பொத்தானை நகத்தால் நெம்பி எடுத்தேன். எடுத்த மறுகணம், எங்கோ பறந்துகொண்டிருந்த இன்னொரு விமானியின் குரல் தெளிவான தமிழில் வந்தது: "மீன் இரவில்தான் பாடும் மகன். எஞ்சின் ஓடட்டும்." உடனே விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், எதுவுமே நடவாததுபோல, ஆங்கிலத்தில் எங்கள் பதிவெண்ணைச் சொல்லி உயரத்தைக் கேட்டது. அந்தக் குரலுக்குரியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கச்சான் பார்த்தவன்

எல்லாம் நல்ல கதைகள்தான். ஆனால் வலையிறவுக்காரரின் கதையில் இரண்டு இடங்களில் எனக்கு உடன்பாடு இல்லை. முதலாவது, கச்சான் நாள் முழுவதும் ஒரே பக்கமிருந்து வீசுவது போல அவர் எழுதியிருக்கிறார். காலையில் அது மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் என்பது சரி. தரை சூடேறியதும் மதியத்துக்குப் பிறகு கடற்காற்று கிழக்கிலிருந்து எதிர்த்து வரும் நாட்களும் உண்டு. மட்டக்களப்பின் ஓடுபாதை 06 (வடகிழக்கு நோக்கி), 24 (தென்மேற்கு நோக்கி) என்ற திசைகளில் கிடப்பதால், காலையில் 24 பக்கம் இறங்கியவன் மாலையில் 06 பக்கம் இறங்க வேண்டியிருக்கும். அதை நான் பட்டுத்தான் படித்தேன். 24 பக்கம் இறங்க வந்துகொண்டிருந்த நான், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை திரும்பியதைப் பார்க்கவில்லை. காற்று முதுகில் தள்ளத் தள்ள விமானம் தரையில் அமர மறுத்து மிதந்து, பிறகு விழுந்து எழும்பி, மறுபடியும் விழுந்து எழும்பி, மூன்றாவது முறைதான் நிலைத்தது. ஏறத்தாழ 1,560 மீற்றர் நீளம் இருந்ததால் பிழைத்தேன். இறங்கி வந்தபோது, ஓரத்தில் நின்ற நண்பர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டி, "மூன்றையும் பதிவேட்டில் எழுதுவீர்களா, நடுவில் உள்ளதை விட்டுவிடுவீர்களா?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். மறுக்க முடியாமல் அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இரண்டாவது, சட்டி வெயிலில் வெடித்தது என்கிறார். சூளையில் வெந்து வந்த மண்சட்டி ஆடி வெயிலுக்கு ஏன் வெடிக்கிறது? மூக்குச் சக்கரம் உள்ள இப்படியான விமானத்தைக் கையால் திருப்புவது எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். வாற்பக்கத்தைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் எழும்பும், பிறகு பின்சக்கரங்களில் பம்பரம்போல் சுழற்றலாம். அப்போது உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கம் சரியும். இரண்டு அடுக்குத் தயிர்ச் சட்டி சரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வெயிலைத் தேட வேண்டியதில்லை.

பழைய பதிவேடு

என் அனுபவம் சிறியது. அம்பாறைப் பக்கம் இரண்டு நாள் வெளியில் நிறுத்தியிருந்த விமானத்தில் ஓடுபாதையில் வேகமெடுத்தபோது வேகமானியின் முள் பூச்சியத்திலேயே நின்றது; உடனே சக்தியைக் குறைத்து நிறுத்திப் பார்த்தால், காற்றை வாங்கும் குழாயின் வாயைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது. அடுத்த வாரம் என் இருக்கையில் ஒரு குளவிக்கூடு "வாடகை பாக்கி" என்ற துண்டுச்சீட்டுடன் இருந்தது. அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தயிர் கொண்டுபோவது குற்றமில்லை. சட்டியின் பாரத்தையும் சேர்த்து நிறுத்துக் கணக்கில் எழுதினீர்களா என்பதே கேள்வி. செஸ்னா 172இன் பின்பகுதியில் பொதிக்கு உள்ள எல்லை 120 இறாத்தல். எட்டுச் சட்டி அதற்குள் அடங்கும் என்று கண்ணால் மதிப்பிடாமல், நெல் மூட்டை நிறுக்கும் தராசு கிடைத்தாலும் அதில் ஏற்றிப் பாருங்கள். பாரம் பின்னால் போகப்போக மூக்கு தானாகவே எழும்பப் பார்க்கும் என்பதால், சட்டிகளைப் பின்னிருக்கையிலேயே வைத்து இடுப்புப் பட்டியால் கட்டுவது மேல். ஒரே அடுக்காக வையுங்கள். சட்டியின் வாயைக் கடதாசியால் மூடி நூலால் கட்டிக் கொடுப்பதை நம்ப வேண்டாம். ஒவ்வொன்றையும் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, ஆழமான ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைக்கோல் திணித்து இறக்குங்கள். வைக்கோலுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை.

இன்னதென்று தெரியாத திரவத்தை ஒருபோதும் நாவில் வைக்காதீர்கள். வலையிறவுக்காரரின் நண்பர் முகர்ந்ததோடு நின்றாரா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. நீலப் பெற்றோலில் ஈயம் கலந்திருக்கிறது. அதைச் சிறு குழாயில் வடித்துப் பார்க்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காமல் அடியில் நீர் முட்டை நிற்கிறதா என்றும் பாருங்கள். முழுவதும் தண்ணீராக இருந்தால் பிரிவுக்கோடே தெரியாது, ஆகவே நிறத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். இடது இருக்கைக்காரர் பொத்தானை மாற்றினாரா என்று எழுதவில்லை; நகத்தால் நெம்பியது பழுதுபார்த்ததாகாது. பாண்டிருப்புப் பிள்ளைக்கும் ஒன்று: அடுத்த முறை சேலை வேண்டாம், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

பாண்டிருப்புப் பிள்ளை

ஐயா, கண்ணாடி யோசனையை அம்மாவிடம் சொன்னேன். கூறைச்சேலையைக் கண்ணாடியோடு ஒப்பிட்டதற்கு உங்கள் மீது கோபமாக இருக்கிறார். அன்று விமானம் இரண்டு தெரு தள்ளிப் போனதற்கும் நீங்கள்தான் காரணம் என்று இப்போது சொல்கிறார்.

வலையிறவுக்காரன்

பழைய பதிவேட்டு ஐயாவின் ஐயம் சரியானதே. நண்பன் நக்கித்தான் பார்த்தான். எழுத மனம் வரவில்லை. பாரத்தைக் கணக்கில் சேர்த்திருந்தோம், ஆனால் கடைக்காரர் சொன்ன நிறையைத்தான் எழுதியிருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கச்சான் பார்த்தவர் எழுதியதை வாசித்துவிட்டு நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்று விமானத்தைத் திருப்பியபோது நான் இடது இறக்கையின் முனையில் நின்றேன், அவன் வலது முனையில் நின்றான், மூன்றாமவன் காற்றுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாலை அழுத்தியது யார் என்று கேட்டேன். இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன்தான் சொன்னான்: "அந்த அண்ணர்தான்டா. சட்டி ஏற்றினதை நாங்கள் அவருக்குச் சொல்லவே இல்லை."

முழங்காலில் நின்று அவர் ஏன் அவ்வளவு நேரம் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போது புரிகிறது.